தற்காலிகமாக வெளியூர்

இருபது வருடமாக, வருடம் தவறாமல் அதே வீடுகளின் கதவைத் தட்டி எடுத்த சர்வே அது. பெயர்கள் கிடையாது, வீட்டுக்கு ஓர் எண்தான். தப்பான பதிவுகளைக் களைவது அவள் வேலை.

"இந்த வீட்டுக் கணக்கு இடிக்குதே," என்றார் மேலாளர். "கடிகாரம் ரிப்பேர் பண்றவர், மனைவி, இரட்டைப் பையன்கள், மூத்த மகள். மகளுக்கு நேரே 'தற்காலிகமாக வெளியூர்'. பதினோரு வருஷமாவா? ஆறு மாசம் வீட்டுல இல்லைன்னாலே கணக்குல சேர்க்கக் கூடாது. அந்தப் பொண்ணை நீக்கிடுங்க."

அவள் கணினித் திரையில் அந்த வீட்டின் பழைய பதிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள்.

"பதில் சொன்னது அம்மாவா சார்?"

"இல்லையே, பதினோரு தடவையும் குடும்பத் தலைவர்தான். கணக்கெடுக்கப் போனவர் குறிப்புகூட எழுதியிருக்கார்: 'விதியை எடுத்துச் சொன்னேன். வந்துடுவா, எழுதுங்கன்னு ஒத்தைக்கால்ல நிக்கிறார்.'"

"நீக்க வேண்டாம் சார்." அவள் அந்தப் பதிவை அப்படியே சேமித்தாள். "எனக்கு ரெண்டு நாள் லீவு வேணும்."

"திடீர்னு எதுக்கும்மா?"

"பதினோரு வருஷம் முன்னாடி, நான் விரும்பினவரைக் கட்டிக்கிட்ட அன்னிக்கு, 'உன்னைத் தலைமுழுகியாச்சு'ன்னு சொன்ன மனுஷன் சார், அந்தக் குடும்பத் தலைவர்."