காலுக்கடியில் ஓர் இழை

தீக்காயத்தில் முதலில் வைத்த பிளாஸ்டிக் வலையைத் தோல் செல்கள் சீண்டவே இல்லை. அதனால் மருத்துவர்கள் இரண்டாவது வலையில், தோலிலேயே இருக்கும் புரதத்தைப் பூசி வைத்தார்கள்.

“நம்ம வீட்டு வாசனைதான் அடிக்குது” என்று ஒரு செல் அதில் ஏறி உட்கார்ந்தது. பிறகு அதன் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். காயம் மூட மூட, வலை கரைந்துகொண்டே வந்தது.

“என்ன, இப்படி மெலிஞ்சுட்டே?”

“நீங்க சொந்தக் கால்ல நிக்கிற வரைக்கும்தான் நான். அப்படித்தான் என்னைச் செஞ்சாங்க” என்றது வலை.

கடைசியில் ஒரே ஓர் இழைதான் மிஞ்சியது. அன்று ரத்தத்திலிருந்து காவல் செல் வந்தது.

“வெளியாள் யாராவது இருக்காங்களா?”

அந்த இழையின் மேல் உட்கார்ந்தபடியே தோல் செல் சொன்னது: “ஒண்ணு இருக்குங்க. காலுக்கடியில உறுத்திக்கிட்டே இருக்கு.”

இரண்டு நாள் பொறுத்திருந்தால் அது தானாகவே போயிருக்கும்.