மூட்டைக்கு அடியில்

"நிமிந்து நின்னா ஒண்ணும் ஞாபகம் வரலை சார்" என்கிறான் இசக்கியப்பன். தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் சுமை நசுக்கித் தங்கதுரை செத்துப் பதினோரு நாளாகிறது. அப்போது பக்கத்தில் முதுகில் மூட்டையோடு குனிந்து போனவன் இசக்கியப்பன். சுமையை இறக்கச் சொல்லிக் கத்தியது யார் என்பதுதான் விசாரணை. யாரும் கத்தவில்லையென்றால், செத்தவனே குறுக்கே போனான் என்று எழுதி, அவன் பெண்டாட்டி செல்லக்கிளிக்கு வாரிசு வேலை கிடையாது என்று முடித்துவிடுவார்கள். "ஏலே, மூட்டைய ஏத்துங்க. கழுதைக்குப் பாரம் இருந்தாத்தான் புத்தி வரும்போல" என்று விசாரிக்கும் சூப்பர்வைசர் சிரிக்கிறார். ஐம்பது கிலோ உர மூட்டை முதுகில் விழ, இசக்கியப்பனின் கழுத்து மடங்குகிறது. உலகம் ஒரு முழம் சிமெண்டுத் தரையாகச் சுருங்குகிறது. சூடு முகத்தில் அடிக்கிறது, உர நெடி மூக்கில் ஏறுகிறது, தலைக்கு மேலே கிரேன் உறுமுகிறது. அந்த ஒரு முழத்துக்குள் தங்கதுரையின் வெடித்த குதிகால்கள் வருகின்றன. இரண்டே எட்டில் பார்வையை விட்டு மறைகின்றன. ஆள் தாண்டிவிட்டான் என்று அன்றைக்கு நினைத்ததும், பாரத்தில் நெஞ்சு நசுங்கக் கிரேன்காரனைப் பார்த்துக் கத்தியதும் திரும்ப வருகின்றன: "இறக்குலே!" கத்தியது இசக்கியப்பனேதான்.

செல்லக்கிளி தரையில் குத்தவைத்து, மூட்டைக்கு அடியில் அவன் முகத்தை அண்ணாந்து பார்க்கிறாள். "ஏதாச்சும் வருதா அண்ணாச்சி?"

"ஒண்ணும் வரலை தாயி."

அவன் மூக்கு நுனியில் தொங்கும் வியர்வையை அவள் முந்தானையால் துடைக்கிறாள். "பாவம் சார், இவுகள விட்டுருங்க" என்கிறாள்.