ஆளில்லை

அடையாற்றங்கரை வீடுகளைக் கணக்கெடுத்தபோது, பூட்டியிருந்த நாற்பத்தேழாம் எண் வீட்டு வாசலில் காத்திருக்க அலுத்து, ‘ஆளில்லை’ என்று எழுதிவிட்டாள் ஜொவிட்டா. அதனால் அங்கே குடியிருந்த பாஞ்சாலி குடும்பத்துக்கு மட்டும் மாற்று வீடு கிடைக்கவில்லை. கரையில் எல்லா வீடுகளையும் இடித்து மூன்று மாதமாகிறது.

இன்று அந்தப் பட்டியலைத் திறக்கப் பார்த்தால், அவளுடைய மடிக்கணினியில் அதைக் காட்டும் சர்வர் நிரல் கிளம்பவில்லை.

“அது ஓட வேண்டிய போர்ட்ல, அந்த எடத்துல, வேற இன்னாவோ ஓடிக்கினு கீது ஜொவி. அத நிறுத்திட்டுப் பாரு,” என்றான் பக்கத்து மேசை லாரன்ஸ்.

நான்கு முறை நிறுத்தினாள். நான்கு முறையும் அது தானாகவே திரும்ப ஓடியது. என்னதான் ஓடுகிறதென்று அந்த போர்ட்டின் முகவரியை உலாவியில் திறந்தாள். திரையில் ஒரே வரி இருந்தது.

‘கதவு எண் 47. உள்ளே ஐந்து பேர். அடுப்பு எரிகிறது.’

“இன்னா, நிறுத்திட்டியா?” என்றான் லாரன்ஸ்.

ஜொவிட்டாவுக்கு நிறுத்தக் கை வரவில்லை.

“வேணாம். இருந்துட்டுப் போகட்டும்.”