அப்பாவின் சீட்

கஜந்தினி கைக்கண்ணாடியைப் பார்த்துக் குங்குமப் பொட்டை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினாள். மாம்பழ நிறப் பட்டுச்சேலை, தலையில் பூ. பக்கத்து சீட்டில் கணவர் ஜெயரட்ணத்தின் கறுப்பு ஜாக்கெட்டை விரித்து வைத்திருந்தாள்.

"கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரி வந்திருக்கீங்களே அக்கா. அண்ணன் எங்க?" பின்வரிசையில் இருந்த தமிழ்நாட்டுக்காரர் பிரசாத் கேட்டார்.

"கார் நிப்பாட்ட இடம் தேடுறார். இப்ப வந்திடுவார்."

வரமாட்டார். ஜெயரட்ணம் அன்று விடியற்காலை ஆஸ்பத்திரியில் இறந்துபோயிருந்தார்.

உலகக் கோப்பைக் கூடைப்பந்துக்கான தகுதிச் சுற்றில் அது கடைசி ஆட்டம். வென்றால் நியூசிலாந்துக்கு இடம் உண்டு, தோற்றால் இன்னும் நாலு வருஷம் காத்துக்கிடக்க வேண்டியதுதான். கறுப்புச் சட்டையில் ஓடிக்கொண்டிருந்த பிருந்தன் அவர்களுடைய ஒரே பிள்ளை.

முந்தின நாள் பின்னேரம் கட்டிலில் கிடந்தபடி ஜெயரட்ணம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "எனக்கு என்ன நடந்தாலும் ஆட்டம் முடியுமட்டும் பெடியனுக்குச் சொல்லிப்போடாதையும்." அந்த மனுசன் கடைசியாகக் கேட்டது அதுதான். அதைக்கூடச் செய்யாவிட்டால் இத்தனை வருஷம் கூட வாழ்ந்து என்ன பிரயோசனம்?

குளித்துவிட்டு வரலாம் என்று அவள் த்ரீ கிங்ஸ் பகுதியில் இருக்கிற வீட்டுக்கு வந்த நேரம் பார்த்துத்தான் உயிர் போனது. ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு மலேசியத் தமிழ் நர்ஸ் போன் பண்ணினாள். "ஆன்ட்டி, உக்காந்துக்கிட்டீங்களா? அங்கிள் தூக்கத்துலயே போயிட்டாங்க ஆன்ட்டி. வலியே இல்ல."

வீட்டில் ஆங்கிலத்தில் கதைக்க வேண்டியதெல்லாம் பிருந்தன் பாடு. அவன் அணியோடு ஹோட்டலில் இருக்கிற நேரத்தில் ஒரு தமிழ்ப் பிள்ளையின் குரல் வாய்த்ததே, முருகன் செயல் என்று அந்த அழுகையிலும் நினைத்தாள்.

உடம்புக்குப் பக்கத்தில் மச்சாளை இருத்திவிட்டு, முகத்தைக் கழுவி, பட்டுடுத்தி வந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் கேட்டுக்கொண்டு எப்படியும் ஆட்டத்துக்கு வந்துவிடுவேன் என்று அவர் மகனுக்குச் சொல்லியிருந்தார்; இரண்டு சீட்டும் காலியாகக் கிடந்தால் அவனுக்கு விளங்கிவிடும். விளையாட்டு நாளில் காலைச் சாப்பாட்டு மேசையிலேயே மேனேஜர் எல்லோருடைய போனையும் வாங்கி வைத்துவிடுவார், ஆகவே அந்தப் பயம் இல்லை. பயமெல்லாம் சனத்தை நினைத்துத்தான். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட ஏலுமா?

ஊர் வாய் மாசி என்கிற புறநகர்ப் பக்கத்திலிருந்து வந்தது. கடைசிக் கால் பகுதி ஆட்டம் நடக்கும்போது, ஜெயரட்ணத்தின் பழைய கூட்டாளி கேதீஸ்வரன் படியிறங்கி வந்து அவள் முன்னால் நின்றார். பட்டையும் பொட்டையும் மேலும் கீழுமாகப் பார்த்தார்.

"என்ன கோலம் தங்கச்சி இது? வாட்ஸ்அப்பில இப்பதான் பார்த்தன். செத்தவீட்டை வச்சுக்கொண்டு..."

"அண்ணை, உங்களைக் கும்பிட்டன், மெல்லக் கதையுங்கோ. அவனுக்குத் தெரியாது."

"தகப்பன் அங்க கிடக்கிறார், கொள்ளி வைக்கிறவன் இங்க பந்து விளையாடுறானோ? பாவமெல்லே. கூப்பிட்டுச் சொல்லத்தான் வேணும்."

அவர் மைதானத்துப் பக்கம் திரும்பினார். கஜந்தினி எட்டி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். நாலு பேர் பார்க்க ஓர் ஆம்பிளையின் சட்டையைப் பிடிப்பாள் என்று அவளே நினைத்ததில்லை.

"உங்கட கூட்டாளி கேட்டது அண்ணை இது. இப்ப போய்ச் சொன்னீங்கள் எண்டால் அந்த மனுசனை ரெண்டாந்தரம் சாகடிக்கிறீங்கள்."

கேதீஸ்வரன் கண்ணைத் துடைத்தார். போக மனமில்லாமல் ஜாக்கெட் கிடந்த சீட்டில் இருக்கப் போனார். "அதில வேண்டாம் அண்ணை" என்றாள். அவர் படியிலே குந்திக்கொண்டார்.

நியூசிலாந்து ஒரு புள்ளி பின்னால் நின்றது. நேரம் முடிகிற தறுவாயில் கூடையை நோக்கிப் பாய்ந்த பிருந்தனை எதிரணிக்காரன் தள்ளி விழுத்தினான். யாரும் தடுக்காமல் எறிய அவனுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைத்தது, ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. அரங்கு முழுக்க எழுந்து நின்றது.

எறியுமுன் தகப்பன் இருக்கிற பக்கம் ஒருதரம் பார்ப்பது பிருந்தனுக்குச் சின்ன வயதுப் பழக்கம். இப்போது பார்ப்பான். வெறும் ஜாக்கெட்டைக் கண்டால் பிடிபட்டுவிடும். அவள் எழுந்து சேலைத் தலைப்பை விரித்து அந்தச் சீட்டை மறைத்துக்கொண்டு நின்றாள். முருகா, இந்தப் பக்கம் திருப்பிப்போடாதே.

அவன் திரும்பவே இல்லை. யோசித்துப் பார்த்தால், ஆட்டம் தொடங்கியதிலிருந்தே அவன் ஒருதரமும் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. முருகன் கைவிடவில்லை என்று நெஞ்சில் கையை வைத்தாள்.

முதல் பந்து வளையத்தில் உருண்டு உருண்டு, கடைசியில் உள்ளே விழுந்தது. இரண்டாவது பந்து வளையத்தைத் தொடாமலே இறங்கியது. எதிரணி எறிந்த கடைசிப் பந்து எங்கோ போக, ஆட்டம் முடிந்தது.

மற்றவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். பிருந்தன் மட்டும் அதிலிருந்து விலகி, தடுப்பைத் தாண்டி, நேரே அவளிடம் ஏறி வந்தான். அவள் எட்டி அவன் கையைப் பிடித்தாள்.

"தம்பி... அப்பா... கார் விட..."

அவன் சீட்டில் கிடந்த ஜாக்கெட்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டான். எதைக் கேட்டாலும் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறவன், தட்டுத்தடுமாறித் தமிழில் சொன்னான்:

"ஆஸ்பத்திரியில இருந்து முதல் எனக்குத்தான் போன் அடிச்சவை அம்மா, உங்களுக்குத் தமிழில சொல்லச் சொன்னது நான்தான்."