அண்ணனின் பயனுள்ள தகவல்கள்

அண்ணன் தயாபரன் தூங்கும்போதே அவனுடைய போனிலுள்ள ஏஐ செயலி அறிவியல் செய்திகளைத் தேடிப் பிடித்து, அவன் நடையிலேயே வியந்து எழுதி, அவன் பெயரில் பகிர்ந்துவிடும். எழுந்ததும் அவன் லைக்குகளை மட்டும் பார்ப்பான். தெருவே அவனை விஞ்ஞானி என்றது. அவனும் அதை நம்பினான்.

இன்று காலை அவன் இடியாப்பம் தின்றுகொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு லில்லி அக்கா செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்தாள்.

“பெரியம்மா, அந்த மூட்டுவலி மாத்திரையப் போடாதீங்க! கிட்னியக் கெடுத்துருமாம்!”

அம்மா அப்போதுதான் அதை விழுங்கியிருந்தாள். மாதக்கணக்கில் விழுங்குகிறாள். வாங்கித் தருவதே அண்ணன்தான்.

“யாருடி சொன்னா?”

“என்ன பெரியம்மா, உங்க மவன்தான போட்டிருக்காப்ல! ‘இன்றே உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள்’னு எழுதியிருக்கு. படிச்சு அழுதுட்டேன்.”

“நானா?” என்றான் அண்ணன்.

அம்மா தொண்டைக்குள் விரலை விட்டபடி கொல்லைப்பக்கம் ஓடினாள். நான் தண்ணீரோடு பின்னால் ஓடினேன். அவளைத் தாங்கிப் பிடித்துக் கூட்டிக்கொண்டு திரும்பியபோது, அவன் எச்சில் கையோடு உட்கார்ந்து, பிறந்ததிலிருந்து முதல் முறையாகத் தன் பதிவு ஒன்றை முழுதாகப் படித்துக்கொண்டிருந்தான்.

“நல்லாத்தான் எழுதியிருக்கேன், இல்ல?” என்று லில்லி அக்காவிடம் கேட்டுவிட்டு, இடது கை விரலால் அதற்கு ஒரு லைக் போட்டான்.