முதலாளி பார்க்காத பனியன்

"மொதலாளி கம்பெனியை விக்கப் போறாரு. இல்லன்னா ஏன் சரக்கைத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்காரு?" என்றான் அருண்பாண்டி.

பிரிண்டிங் மாஸ்டர் அந்தோணிராஜ் டீயை உறிஞ்சிக்கொண்டே தலையாட்டினார். அவருக்கும் அதே சந்தேகம்தான்.

பொங்கியண்ணன் லேசுப்பட்ட முதலாளி இல்லை. பனியனில் கடுகளவு மை சிந்தியிருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். அப்படிப்பட்டவர் இந்த ஆர்டரில் மட்டும் எதையுமே பார்க்கவில்லை. டிசைன் வந்த மெயிலைக்கூட வேறு ஆளைத் திறக்கச் சொன்னார். சேம்பிளை நீட்டினால் முகத்தை ஃபேன் பக்கம் திருப்பிக்கொண்டு, துணியை விரலால் தடவிவிட்டு, "நீங்க பாத்தாச் செரிங்க அந்தோணி" என்று நடையைக் கட்டிவிடுவார்.

ஆர்டரோ பெரிய ஆர்டர். 'நாகத்தீவு' என்ற வெளிநாட்டுத் தொடரின் கடைசி சீசனுக்கான பனியன். கடைசியில் ஏழு தீவுக்கும் யார் ராஜா என்று ரசிகர்களுக்குள் ஊர் ஊராகச் சண்டை நடந்துகொண்டிருந்தது. கடைசி எபிசோட் முடிந்த மறுநாள் கடைக்கு வர வேண்டிய பனியன் என்பதால், மகுடம் சூடியவரின் படத்தையே அதில் அச்சடித்தார்கள். ஆக, உலகத்துக்கே தெரியாத முடிவு இந்தக் கம்பெனியில் டீ குடிக்கிறவர்களுக்குத் தெரியும். வெளியே வாயைத் திறக்கக் கூடாது என்று ஆர்டர் கொடுத்த பையர் கண்டித்துச் சொல்லியிருந்தார். உள்ளே திறந்த வாயை மூடத்தான் ஆளில்லை.

"ஆறு சீசனா வாளைச் சுத்துனது இளவரசி எல்வாரா. மகுடம் மட்டும் படகோட்டி மோரக்குக்கா? அநியாயம்லா இது!" என்று அருண்பாண்டி ஆரம்பித்தான்.

செக்கிங் நதியா விடவில்லை. "எல்லாரும் மகுடத்துக்கு அடிச்சுக்கிட்டாங்க. கேக்காதவன் அவன் ஒருத்தன்தான். அவனுக்குக் குடுத்தா என்ன தப்பு?"

"அப்ப நீயும் சம்பளம் கேக்காம இரு. உன்னைய ஓனர் ஆக்கிருவாங்க."

எல்லோரும் சிரிக்க, அந்த நேரம் பார்த்துப் பொங்கியண்ணன் உள்ளே வந்தார். வந்தவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

"ஏனுங்க, இது கம்பெனிங்களா, சந்தைக்கடைங்களா? இங்க அந்தப் பேச்சே ஆகாதுங்க! டீயைக் குடிச்சுப்போட்டு மிஷினுக்குப் போங்க!"

கூட்டம் கலைந்தது. "நம்ம பேச்சு காதுல விழுறதுகூட அவருக்குப் புடிக்கல பாத்தீங்களா?" என்று அருண்பாண்டி முணுமுணுத்தான்.

அந்தோணிராஜுக்குச் சுருக்கென்றது. திருப்பூருக்கு வந்த நாளிலிருந்து பொங்கியண்ணனிடம்தான் வேலை. இவர் குறை சொல்லிவிடக் கூடாதே என்று பார்த்துப் பார்த்து வேலை செய்து பழகியவர். திட்டுகிற முதலாளியிடம் காலம் தள்ளலாம், ஏறிட்டே பார்க்காதவரிடம் எப்படி இருப்பது? அவிநாசியில் ஒரு கம்பெனி வெகுநாளாக அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அங்கேயே போய்விடுவது என்று முடிவெடுத்தார்.

சொல்லாமல் வேலையை விட்டு நிற்பது மரியாதை இல்லையே என்று ஞாயிற்றுக்கிழமை முதலாளி வீட்டுக்குப் போனார்.

ஹாலில் டிவி அலறிக்கொண்டிருந்தது. நாகத்தீவு, தமிழ் டப்பிங்கில், கடைசி எபிசோட். முதலாளியின் மனைவி ரங்காத்தாள் சோபா நுனியில் உட்கார்ந்து மருமகள் கீர்த்தனாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"எல்வாராவுக்குத்தானுங்க அத்தை மகுடம்."

"போ கண்ணு! தளபதி டோர்வனுக்குத்தான். நீ வேணாப் பாரு."

அதற்குள் ரங்காத்தாள் அந்தோணிராஜைப் பார்த்துவிட்டார். "வாங்க அந்தோணி! பனியன் அடிச்சவரே வந்துட்டீங்க. நீங்க சொல்லுங்க, யாருக்குங்க மகுடம்?"

ஆயிரக்கணக்கான பனியனில் மோரக்கின் தாடியை அச்சடித்த மனுஷன், பாவம், என்ன சொல்வார்?

"அது வந்தும்மா..."

பொங்கியண்ணன் பாய்ந்து வந்து அவர் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துப் போனார். "சொல்லிப்போடாதீங்க சாமி!"

"நான் அதுக்கு வரல மொதலாளி. வேலையை விட்டு நின்னுக்கிடுதேன்னு சொல்ல வந்தேன்."

பொங்கியண்ணன் திகைத்துவிட்டார். "ஏனுங்க? நான் என்னங்க தப்புப் பண்ணிப்போட்டேன்?"

"ஒரு பீஸைக்கூட நீங்க ஏறிட்டுப் பாக்கல. நாங்க பேசுனாக் காதைப் பொத்திக்கிடுதீங்க. கம்பெனியை விக்கப் போறீங்கன்னு எல்லாரும் பயந்துபோய்க் கெடக்காங்க."

பொங்கியண்ணன் சிரித்துவிட்டார். சத்தம் உள்ளே கேட்டுவிடக் கூடாதென்று துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"விக்கறதுங்களா! போன வருசம் இடுப்பு ஆபரேசன் ஆயி, இனி எந்திரிக்கவே மாட்டேன்னு படுத்துட்டா ரங்காத்தா. இந்தக் கதைதானுங்க அவளை எந்திரிச்சு உக்கார வெச்சுது. முடிவைப் பாத்துப்போட்டுத்தான் சாவேன்னா. ஆர்டர் நமக்கு வந்ததுல இருந்து, நான் ஊட்டுக்குள்ள கால் வெச்சதுமே 'யாருக்குங்க மகுடம்'னு கேட்டு உசுரெடுக்கறா. முன்னாடியே தெரிஞ்சுபோனா இன்னைக்கு அவளுக்கு என்னங்க இருக்குது?"

உள்ளேயிருந்து ரங்காத்தாள் கைதட்டும் சத்தம் கேட்டது. "அட, நம்ம மோரக்கு!"

பொங்கியண்ணனின் கண்கள் அகன்றன. "படகோட்டிக்குங்களா? அட சாமி!"

அந்தோணிராஜுக்கு வந்த கோபம் போன இடம் தெரியவில்லை. அவிநாசிக்காரர்களுக்கு என்ன சாக்குச் சொல்லலாம் என்று மனசு யோசிக்க ஆரம்பித்தது. ஆனாலும் ஒன்று மட்டும் விளங்கவில்லை.

"மொதலாளி, நீங்க பாத்துட்டு அம்மாகிட்டச் சொல்லாம இருந்திருக்கலாம்லா?"

"கல்யாணம் ஆன நாள்ல இருந்து அவகிட்ட எதையும் மறைக்க முடிஞ்சதில்லீங்க அந்தோணி. மூஞ்சியப் பாத்தே கண்டுபுடிச்சுப்போடுவா. அதான், எனக்கே தெரியாமப் பாத்துக்கிட்டேனுங்க."