கயிறு கொடுப்பதில்லை

வந்தவர் ஸ்கூட்டியைச் சுற்றிப் பார்க்கவே இல்லை.

டயரை அழுத்தவில்லை. ஸ்டார்ட் செய்யச் சொல்லவில்லை. எவ்வளவு குறைப்பாய் என்று கேட்கவில்லை. கால் வைக்கும் இடத்துக்குக் கீழே இருந்த நசுங்கலை மட்டும் கட்டைவிரலால் ஒருமுறை தடவினார்.

பேரம் பேசாமல் வாங்க வருகிறவனை நம்பாதே என்று மனைவி மஞ்சு காலையில்தான் சொல்லி அனுப்பியிருந்தாள். அவளுக்கு எட்டாம் மாதம். இந்த முப்பதாயிரத்தைப் பிரசவத்துக்கு என்று எடுத்து வைத்தாகிவிட்டது, கைக்கு வருவதற்கு முன்பே.

நான் சூடு கண்ட பூனை இல்லை. சூடு படாமலே அடுப்பங்கரைப் பக்கம் போகாத பூனை. விளம்பரம் போட்ட ஒரு வாரத்தில் மூன்று பேரை விரட்டியிருக்கிறேன். ஒருவன் மிலிட்டரியாம். வண்டியைப் பார்க்காமலே வாங்கிக்கொள்கிறானாம். அவன் அனுப்பும் க்யூஆரை ஸ்கேன் செய்து என் பின் நம்பரைப் போட்டால் பணம் எனக்கு வந்துவிடுமாம். பணம் வாங்குகிறவன் எதற்கடா பின் நம்பர் போட வேண்டும் என்று கேட்டேன். வைத்துவிட்டான்.

அதனால்தான் இவரை வீட்டுக்கு அழைக்காமல் நான் வேலை பார்க்கும் லாட்ஜ் வாசலுக்கு வரச் சொன்னேன். திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், பட்டப்பகல், தலைக்கு மேல் கேமரா.

பெயர் அண்ணாதுரை என்றார். கங்காதர நெல்லூர்ப் பக்கம். ஐம்பது வயது இருக்கும். இரண்டு பஸ் மாறி வந்த களைப்புகூட முகத்தில் இல்லை. முகத்தில் எதுவுமே இல்லை.

“யாருக்குண்ணா வண்டி?”

“வூட்டுக்காரிக்கு. நாலு மாசமா வாசப்படி தாண்டல. யார்கிட்டயும் பேசறதில்ல, சரியா துன்றதில்ல. இது வந்தா எய்ந்துப்பான்னு பாக்குறேன்.”

பழைய ஸ்கூட்டிக்கு இவ்வளவு சக்தியா என்று நினைத்துக்கொண்டேன்.

ஆர்.சி.யை நீட்டினேன். நான் வாங்கியே மூன்று மாதம்தான் ஆகிறது, விலை படிந்ததே என்று ஒரு புரோக்கரிடம் வாங்கியது, இன்னும் யாரோ கன்னியம்மாள் பெயரில்தான் இருக்கிறது, அந்தம்மா கையெழுத்துப் போட்ட ஃபாரம் எல்லாம் சரியாக இருக்கிறது என்று ஒப்பித்தேன். அவர் அந்தக் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர் போல என்று விட்டுவிட்டேன்.

போனை எடுத்து முப்பதாயிரம் அனுப்பினார். அதில் பச்சை டிக் விழுந்தது. என் போன் சும்மா இருந்தது.

ஆரம்பித்துவிட்டான் என்று சாவியைக் கைக்குள் மூடிக்கொண்டேன். சர்வர் ஸ்லோ, அதான் டிக் வந்துவிட்டதே, பஸ்ஸுக்கு நேரமாகிறது, சாவியைக் கொடு என்று அடுத்து அவசரப்படுத்துவார். அதற்குப் பதில்கூடத் தயாராக வைத்திருந்தேன்.

அவர் போனைப் பையில் போட்டுவிட்டு லாட்ஜ் படியில் உட்கார்ந்தார்.

“என் போன்ல காட்றத நம்பாத தம்பி. உன் பேங்க்குல ஏறட்டும். அது வரிக்கும் சாவிய கைலயே வச்சிக்கோ.”

பன்னிரண்டு நிமிடம் உட்கார்ந்திருந்தோம். டீ சொல்கிறேன் என்றேன், வேண்டாம் என்றார். மெசேஜ் வந்தது. அதையும் நம்பாமல் கணக்கைத் திறந்து பேலன்ஸ் பார்க்கச் சொன்னார். மெசேஜைக்கூட இப்போது போலியாக அனுப்புகிறார்களாம். பார்த்தேன். ஏறியிருந்தது. எனக்கு வெட்கமாகிவிட்டது.

பிள்ளையார் வளையத்திலிருந்து சாவியைக் கழற்றி, சாவியை மட்டும் கொடுத்தேன். எங்கள் புத்தலப்பட்டில் மாட்டை விற்றால் கயிற்றைக் கொடுப்பதில்லை, வண்டிக்கும் அதே பழக்கம்தான், தப்பாக நினைக்காதீர்கள் என்றேன். இருப்பது இந்த ஒரு சாவிதான், இன்னொன்று நான் வாங்கும்போதே இல்லை என்பதையும் சொல்லிவிட்டேன்.

“எங்க பக்கமும் அப்டித்தான்” என்று அவர் சட்டைப் பையில் கை விட்டார்.

சிவப்பு நூலில் பின்னிய ஒரு வளையம். அதில் கன்றுக்குட்டிக்குக் கட்டும் சின்ன மணி. கூடவே ஒரு சாவி.

அந்தச் சாவியைப் போட்டு, சீட்டின் இடது ஓரத்தை முழங்கையால் அழுத்தித் திருப்பினார். மூன்று மாதமாக என்னிடம் ஒரே தடவையில் திறக்காத சீட், திறந்தது.

“விக்கிற அன்னைக்கு கன்னியம்மா இத மட்டும் கெட்டியா எட்த்து வச்சிக்கினா. ஒரு சாவி இதுலயே நின்னுட்டுது. வாங்க வந்தவன் போன்ல பச்சை டிக் காட்னான். அத பாத்துட்டு மிச்சம் எல்லாம் குட்துட்டா. பணம் ஏறவே இல்ல.”

போலீஸுக்குப் போகலாமே என்று ஏதோ முனகினேன்.

“எய்திக் குட்து நாலு மாசம் ஆச்சி. இப்ப போய் சொன்னா வண்டி ஸ்டேஷன்ல கெடக்கும். அவளுக்கு இன்னைக்கு வோணும்.” பிறகு, “வெளம்பர போட்டோல வண்டி நம்பர மறைக்காம போட்டியே, அது புண்ணியம்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நான் கொடுத்த சாவியையும் அந்த வளையத்திலேயே கோத்தார். பெயர் மாற்ற ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு எப்போது போகலாம் என்று கேட்க நினைத்திருந்தேன். கேட்கவில்லை. வண்டி திரும்பும்போது மணி ஒலித்தது.

பிள்ளையார் வளையம் என் கையில் இருந்தது. அதை என்ன செய்வது என்று தெரியவில்லை.

போன் அடித்தது. மஞ்சு.

“பணம் ஏறிச்சா? நல்லா பாத்தீங்களா?”

“ஏறிடுச்சு” என்றேன்.